பதினோரு மணிக்குள் பத்து

இது எனக்கு நடந்தது அல்ல. செல்வக்கனி எனக்குச் சொன்னது. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்கள் நாங்கள். இரண்டு வீட்டிலும் நாங்கள்தான் முதல் பட்டதாரி. தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சொன்னாள், பிறகு ஒரு வாரம் கழித்து போனில் திருத்தங்கள் சொன்னாள். அவள் விட்ட இடங்களில் நான் நிரப்பியிருக்கிறேன். எங்கெங்கே என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முதலில் ‘அவள்’ என்று எழுதிப் பார்த்தேன். கோபம் பாதியாகிவிட்டது. அதனால் ‘நான்’ என்றே எழுதுகிறேன். இந்த நான், நான் இல்லை.

பத்து மணி நான்கு நிமிடம். ஒன்று. வலது கை முழங்கையில் வெடுக்கென்று மடங்கி மேலே வந்தது, வலது பக்க வாய் காதை நோக்கி இழுத்துக்கொண்டது, கண் இடுங்கியது, முடிந்தது. இரண்டு விநாடிகூட இருக்காது. யாரோ பின்னாலிருந்து தட்டிவிட்டுப் போன மாதிரி அப்பா தன் கையைப் பார்க்கிறார். நோட்டில் ஒரு கோடு போடுகிறேன். போன் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் வருவார், வந்து டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடுவார், சீட்டு ஏற்கெனவே சிஸ்டர் மேசையில் பேப்பர்வெயிட்டுக்குக் கீழே இருக்கிறது, மின்விசிறிக் காற்றில் அதன் ஓரம் படபடப்பது இங்கிருந்தே தெரிகிறது. அதற்குள் பத்து வேண்டும். டாக்டர் ரெஹானா அப்படித்தான் சொன்னார். அவர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிற டாக்டர், என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும், கண்ணுக்குக் கீழே கறுப்பு. “ஒரு மணி நேரம் கண்ண எடுக்காம உக்காந்து எண்ணுங்க. வீடியோவும் எடுங்க. பத்து தடவையாவது வந்தா நான் சார்கிட்ட தைரியமா பேசுவேன்” என்றார். பத்து. ஏன் பத்து? ஒன்பது என்றால் தைரியம் வராதா? கேட்கவில்லை. நான் கேட்கமாட்டேன். எண் கொடுத்தால் அந்த எண்ணை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும் பிறவி நான். படிவத்தில் கட்டம் இருந்தால் கட்டத்துக்குள்தான் எழுதுவேன்.

இரண்டு. பத்து பத்து. அடுத்த கட்டில் லூர்து அண்ணாச்சி, கால் மரத்துப்போய்ப் படுத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுகிறவர், பார்த்துவிட்டார். “என்ன துரை, காலைலயே யாரப் பாத்துக் கண்ணடிக்கீரு? சிஸ்டரயா?” என்கிறார். அப்பா சிரிக்கிறார். சேர்மத்துரை என்ற பெயரில் துரை மட்டும்தான் இந்த வார்டில் மிச்சம். அண்ணாச்சி கெட்டவர் இல்லை. முந்தாநாள் ரத்த ரிப்போர்ட்டில் உப்பு குறைவு என்று வந்தபோதும் அவர்தான், “உப்பளத்துல இருவத்தாறு வருசம் உப்பு வாருன ஆளுக்கு உப்பு பத்தலயாம்லே” என்று வார்டையே சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். ரிப்போர்ட் கொடுத்த ஆளும் சிரித்தார். பெரிய டாக்டரும் உதட்டோரம் சிரித்துவிட்டு, சாப்பாட்டில் உப்பு கூடச் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனார். ரெஹானா மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தாளை எடுத்து இரண்டு தடவை படித்தார். இந்த நோயில் உப்பு இறங்கும் என்று அவருக்கு மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தது நோயின் அடையாளத்தைப் பார்த்து. சிரிக்க முதலில் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டில்தானே. கார்த்திகை மாதம், சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்த அப்பாவின் வாய் முதல்முறை கோணிக்கொண்டு போனபோது அம்மா, “பாருட்டி, ஒங்கப்பா கங்காணி மாதிரி வாய வெச்சிக் காட்டுதாரு” என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். இன்னொரு தடவை செய்யப்பா என்று நான் கேட்டேன். நான் கேட்டேன். அப்பாவும் என்ன என்று தெரியாமலே சிரித்தார். கேட்டுக்கொண்டதுபோல இன்னொரு தடவை வந்தது.

மூன்று. கங்காணி ஞானமுத்துவுக்கு வாய் கோணல். பத்து வருடத்துக்கு முன்னால் முகவாதம் வந்து வலது பக்கம் இழுத்தபடியே நின்றுவிட்டது. அளத்தில் வேலை பார்க்கிற அத்தனை பேரும், பெண்களும்தான், அவர் முதுகுக்குப் பின்னால் அந்த வாயைச் செய்து காட்டியிருக்கிறார்கள். வெயிலில் பாத்திக்குள் கால் வெடித்து நிற்கிறவர்களுக்கு அது ஒன்றுதான் விளையாட்டு. அப்பா செய்ததில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன், சத்தியம் கேட்டாலும் செய்வேன், அப்பா ஒரு தடவைகூடச் செய்ததில்லை, செய்கிறவர்களைப் பார்த்து “சாமி குடுத்ததுலே அது, சிரிக்காத” என்பார். அந்த மனுசனுக்குத்தான். தை மாதம் சனிக்கிழமை, சம்பள வரிசையில், கங்காணி பெயர் கூப்பிட, அப்பா முன்னால் போய் நிற்க, நேருக்கு நேராக, மூன்றடி தூரத்தில், வாய் வலது பக்கம் இழுத்தது. வரிசை சிரித்தது. கங்காணி நிமிர்ந்து பார்த்தார். மறுபடி இழுத்தது. கையும் வெட்டி மேலே வந்தது, அடிக்க ஓங்கினதுபோல. “என் மூஞ்சிக்கு நேராவே பழிப்புக் காட்டுதியாலே சேர்மா? இருவத்தாறு வருசம் கழிச்சு கொழுப்பு வந்துட்டோ?” அப்பா இல்லை என்று சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். திறந்த வாய் மறுபடியும் கோணியது. முடிந்தது. திங்கட்கிழமை கேட்டில் காவல்காரன் குறுக்கே கம்பை வைத்தான். அவன் மகள் சடங்குக்கு அப்பா பந்தல் கட்டிக் கொடுத்தவர். முகம் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தானாம். அந்தச் சனிக்கிழமை சிரித்த வரிசையில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், கங்காணியிடம் போய், இவருக்கு வீட்டிலும் இப்படித்தான் வருது, வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லவில்லை. அம்மாவும் அதே வரிசையில்தான் நின்றாள். அவளும் முதலில் சிரித்தாள் என்று அவளே என்னிடம் சொன்னாள்.

பத்து இருபத்தைந்து. இன்னும் மூன்றுதான். நேற்று இதே நேரம் படபடவென்று வந்தது, எண்ணச் சொல்லவில்லை, வந்தது. இன்றைக்கு எண்ணச் சொன்னால் அமைதியாகப் படுத்திருக்கிறது. கை மீதே எனக்குக் கோபம் வருகிறது. வா. வந்து தொலை. என் அப்பாவின் கையைப் பார்த்து நான் தொலை என்கிறேன். நான்கு. வந்தது. ரெஹானா நேற்று மாடிப்படிக்கட்டில் நின்றுகொண்டு எனக்கு விளக்கினார். உட்காரக்கூட நேரமில்லை. வலிப்பு என்றால் மூளையில் மின்சாரக் கோளாறு என்று மட்டும் நினைக்கிறோம், சிலருக்கு அது வீக்கத்தினால் வரும், கிருமியை அடிக்க உடம்பு வைத்திருக்கிற எதிர்ப்புச் சக்தி ஆள் மாறி மூளையில் உள்ள ஒரு புரதத்தையே எதிரி என்று நினைத்து அடிக்கும், அந்த அடியில்தான் கை வெட்டுகிறது, வாய் கோணுகிறது, உப்பு இறங்குகிறது, ஞாபகம் போகிறது என்றார். “அதான் வலிப்பு மாத்திரை கேக்கல. மாத்திரை கரண்டை அடக்கும். அடிக்கிற ஆள யாரு அடக்குறது? அதுக்கு ஸ்டீராய்டு வேணும். சீக்கிரம் வேணும். லேட்டானா ஞாபகம் திரும்பி வராமலே போயிடலாம்.” தலையில் கம்பி ஒட்டி எடுத்த ஈஈஜியில் ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். இதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்றார். பெரிய டாக்டர் அந்த ஒன்றும் இல்லாததைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஈஈஜி நார்மல், ஸ்கேன் நார்மல், இரண்டு மாத்திரை மாற்றியும் கேட்கவில்லை, ஆகவே வலிப்பே இல்லை, குடியை விட்டதால் வருகிற நடுக்கம், கொஞ்சம் மனசு. ஆள் மாறி அடிக்கிற உடம்பு. சரிதான். கங்காணி ஆள் மாறி அடித்தார். காவல்காரன் ஆள் மாறிக் கம்பை நீட்டினான். உடம்புக்குள் மட்டும் தனியாக வேறு நியாயமா நடக்கும்? ஆனால் உடம்புக்கு வீக்கத்தைக் குறைக்க மருந்து இருக்கிறது.

குடி. இங்கேதான் வந்து நிற்கிறது, எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. முதலில் போன சின்ன ஆஸ்பத்திரியில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார். பெயர், வயசு, வேலை, சர்க்கரை உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, குடிப்பாரா? அப்பாவிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார், நான்தான் படித்தவள்போல இருந்தேன். குடிப்பார் என்றேன். சனிக்கிழமை மட்டும், அதுவும் கூட்டாளியோடு பாதி என்றும் சொன்னேன். சொன்னேனே! அவர் பேனா முதல் சொல்லோடு நின்றுவிட்டது. எனக்கு இல்லை என்று சொல்லத் தெரிந்திருக்காதா? பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் இல்லை என்றுதான் சொன்னார்கள், நாற்றத்தோடு நின்றவர்களும் சொன்னார்கள். நான் சொல்லமாட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து முதல் பட்டதாரி சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் நின்றேனே, எழுதியவை அனைத்தும் உண்மை, பொய்யென்று தெரிந்தால் நடவடிக்கைக்கு உட்படுவேன் என்று கீழே அச்சடித்திருந்ததே, அன்றைக்குப் பிடித்த பயம். எங்கள் வீட்டில் எல்லாப் படிவமும் நான்தான் நிரப்புவேன், ஒவ்வொன்றிலும் அந்த வரி என்னைப் பார்த்து நிற்கும். டாக்டர் கேட்பதும் படிவம்தானே. உண்மையைச் சொன்னேன். அந்த ஒரு சொல் தாளிலிருந்து தாளுக்கு ஏறியது, இந்த ஆஸ்பத்திரி வரைக்கும் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு யாரும் அப்பாவைப் பார்க்கவில்லை, அந்தச் சொல்லைத்தான் பார்த்தார்கள். கை நடுங்குதா, குடி. மறதியா, குடி. உப்பு குறைவா, அதற்கும் குடி. நான்கு மாதம். என் நேர்மையை எடுத்துக் குப்பையில் போட. ஐந்து. பார்த்தேன், ஐந்து, கோடு போட்டேன்.

ஆறு. பத்து முப்பத்தெட்டு. அப்பா என் நோட்டை எட்டிப் பார்க்கிறார். “என்னட்டி எழுதுத?” “ஒன் கை எத்தன தடவ வெட்டுதுன்னு எழுதுதேன்பா.” “எத்தன ஆச்சு?” “ஆறு.” “எத்தன வேணும்?” “பத்து.” அப்பா யோசிக்கிறார். பாஸ் மார்க் கேட்டது மாதிரி இருந்திருக்கும். “நான் வேணும்னா ஆட்டிக் காட்டட்டா?” என்கிறார் மெதுவாக. அண்ணாச்சி போர்வைக்குள் இருந்து, “ஆட்டுவேய், யாரு கேக்கா? எனக்குத்தான் காலு ஆடமாட்டேங்கு, நீராவது ஆட்டும்” என்கிறார். “வேண்டாம்பா” என்கிறேன். “தானா வந்தாத்தான் கணக்கு.” சரி என்று தலையாட்டுகிறார். மூன்று நிமிடம் இருக்கும். மறுபடி, “என்னட்டி எழுதுத?” முழுதாக, முதல் முறை கேட்பதுபோல, அதே குரலில். நான் மறுபடி சொல்கிறேன். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வருகிறது. “ஞானமுத்துட்ட சொல்லிட்டியாட்டி? ரெண்டு நா லீவுன்னு? பாத்தி காஞ்சிருக்கும். உப்பு வாராம கெடந்தா அவரு வையுவாரு.” அப்பாவுக்கு அந்தச் சனிக்கிழமை போய்விட்டது. வேலை போனது போய்விட்டது. தினமும் காலையில் கேட்பார். ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் நாள் நான் உள்ளதைச் சொன்னேன். ஒன்ன நிப்பாட்டிட்டாங்கப்பா, நீ பழிப்புக் காட்டினன்னு நெனச்சிட்டாங்க. அப்போதுதான் கேட்கிறவர் மாதிரி முகம் வெளுத்து, நானா, நான் காட்டுவனா என்று கேட்டு, கை வெட்டியது, வெட்டியது, நிற்கவே இல்லை. ஐந்து நிமிடத்தில் எட்டு தடவையாவது இருக்கும். மனசு பொங்கினால் கூட வரும் என்று ரெஹானாவும் சொன்னார்.

அப்படியானால் சொல்லலாம். பத்து நாற்பத்தாறு. பதினான்கு நிமிடம் இருக்கிறது, நான்கு கோடு வேண்டும், ஒரே ஒரு வாக்கியம் போதும். பொய்கூட இல்லை. முழு உண்மை. உன் வேலை போய்விட்டதப்பா. படத்தில் எல்லாம் விழும், பெரிய டாக்டர் பார்ப்பார், சீட்டைக் கிழிப்பார், மருந்து ஏறும். ஞாபகம் திரும்பும். அப்பா நல்லதுக்குத்தானே. ராத்திரிக்குள் மறந்தும் விடுவார். மறந்துவிடுவார் என்பதற்காக ஒரு மனுசனை எத்தனை முறை அடிக்கலாம்? யார் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தது? பத்து என்று யார் சொன்னது, எந்தப் புத்தகத்தில், எந்தப் படிவத்தில்? ஒரு பெரிய மனுசன் கட்டில் ஓரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் போதாதா? அவர் பார்க்காததற்கு நான் என் அப்பாவைக் கிள்ளி அழ வைத்துக் காட்ட வேண்டுமா? சிஸ்டர் மேசையில் சீட்டின் ஓரம் படபடக்கிறது. வாசலைப் பார்க்கிறேன், இன்னும் வரவில்லை. “சொல்லிட்டியாட்டி?” என்கிறார் அப்பா. “சொல்லிட்டேன்பா” என்கிறேன். “ஒரு வாரம் லீவு எடுத்துக்கிடச் சொன்னாரு. ஒடம்பப் பாத்துக்கிடச் சொன்னாரு.” அப்பா முகம் தெளிகிறது. “நல்ல மனுசன்” என்கிறார். எனக்குத் தெரிந்து நான் சொன்ன முதல் முழுப் பொய், அது அந்தக் கங்காணிக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டது. பல்லைக் கடிக்கிறேன். ஏழு. நிம்மதியிலும் வருமோ என்னவோ. ஏழு.

பத்து ஐம்பத்து மூன்று. வாசலில் செருப்புச் சத்தம், இல்லை, சாப்பாட்டு வண்டி. நான் ஏன் அதை அப்போது சொன்னேன் என்று தெரியவில்லை. கோட்டுக்காகச் சொல்லவில்லை. கோட்டுக்காக இல்லை என்று எப்படி நிரூபிப்பேன், என்னிடமே நிரூபிக்க முடியவில்லை. பொய் சொன்ன வாய் கசந்தது, அதுதான். “யப்பா, நீ குடிப்பன்னு மொத ஆஸ்பத்திரியில சொன்னது நான்தான். அத வெச்சுத்தான் எல்லாரும் ஒன்னக் குடிகாரன்னு நெனச்சிட்டாவ. அதனாலதான் இத்தன நாளு மருந்து குடுக்கல.” அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். மறந்துகொண்டிருக்கிறாரா, யோசிக்கிறாரா, கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு சொல்கிறார், “குடிக்கத்தானட்டி செஞ்சேன்.” “சனிக்கெழமதானப்பா. அதையும் சொன்னேன். அத அவரு எழுதல.” அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரிக்கிறார். “பாதிதான்னு சொன்னியா?” “சொன்னேன்.” “அதையும் எழுதலயாக்கும். எழுதப் படிக்கத் தெரிஞ்சவனுவ லெச்சணம்.” சிரிப்புக்கு நடுவில் கை வெட்டியது, எட்டு. “நீ உள்ளதத்தான சொன்ன. பெறவு எதுக்கு மூக்க உறிஞ்சுத.” ஒன்பது.

வந்துவிட்டார்கள். பெரிய டாக்டர், பின்னால் நான்கைந்து பேர், கடைசியில் ரெஹானா. நேராக எங்களிடம் வரவில்லை, அண்ணாச்சியிடம் நின்றார்கள். பேனா என் கையில் இருக்கிறது. நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக, அது ஒரு கட்டு. பக்கத்தில் நான்கு கோடு நேராக நிற்கிறது, குறுக்கே ஒரு கோடு இழுக்க அரை விநாடி போதும், கை தானாகவே இழுக்கப் பார்க்கிறது. இப்போது வா, இப்போது வா என்று அப்பாவின் கையைப் பார்க்கிறேன், அது போர்வை மேல் தூங்குகிற குழந்தை மாதிரி கிடக்கிறது. “எத்தனை?” என்கிறார் ரெஹானா. “ஒன்பது” என்கிறேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ரெஹானா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். ஆனாலும் போனை எடுத்துப் பெரிய டாக்டர் முன்னால் நீட்டினார். “சார், ஒரு மணி நேரத்துல ஒன்பது. எல்லாம் ஒரே பக்கம். முகமும் கையும் ஒண்ணா. சோடியம் நூத்தி இருபத்து நாலு.” அவர் பார்த்தார். நின்றபடியே பார்த்தார், முன்னுக்குத் தள்ளிவிட்டுப் பார்த்தார், ஒரு இடத்தில் பின்னுக்கு இழுத்து மறுபடி பார்த்தார். “இது எப்போ எடுத்தது?” “இப்பதான் ஐயா” என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்தார். கேஸ் ஷீட்டை வாங்கினார், முதல் பக்கத்தைத் திருப்பினார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார், “குடிப்பாரா?” வார்டில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி எல்லாம் என் காதுக்குள் ஓடியது. நான்கு மாதம். நான்கு மாதமாக நான் குளிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள் இல்லை என்று, ஒரு நாள் உங்கள் அப்பா குடிப்பாரா என்று. எழுந்து நின்றேன். “சனிக்கெழம மட்டும் ஐயா. கூட்டாளியோட பாதி. கை வெட்ட ஆரம்பிச்ச நாள்ல இருந்து அதுவும் இல்ல. இத நான் மொத நாளே சொன்னேன், யாரும் எழுதல. நீங்க எழுதுங்க. முழுசா எழுதுங்க.” கத்தியிருக்கிறேன் போல. அண்ணாச்சி போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார், இந்த ஆறு நாளில் முதல் தடவையாக அப்பாவையும் பார்த்தார், பேனா மூடியைத் திறந்தார்.

அவள் சொன்னது அவ்வளவுதான். அன்று மாலையே ஸ்டீராய்டு ஏற்ற ஆரம்பித்தார்கள். முதுகுத்தண்டு நீரும் ரத்தமும் வேறு ஊருக்குப் போய் வந்த ரிப்போர்ட் பதினாறு நாள் கழித்து, ரெஹானா சொன்ன நோய்தான் என்றது. கை இப்போது வெட்டுவதில்லை. ஞாபகம் பாதி வந்திருக்கிறது. அந்தச் சனிக்கிழமை வரவில்லை, அவளும் சொல்லவில்லை. எழுதுவதற்கு முன்னால் ஒன்றையாவது சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த வீடியோவைக் கேட்டு வாங்கினேன். ஐம்பத்தெட்டு நிமிடம். மூன்று முறை ஓடவிட்டு, ஒவ்வொரு முறையும் தனித் தாளில் எண்ணினேன். மூன்று முறையும் பதின்மூன்று வந்தது. அவள் விட்ட நான்கும் பத்து நாற்பத்தாறுக்கும் ஐம்பத்து மூன்றுக்கும் இடையில் இருக்கின்றன. அந்த நேரத்தில் பெரும்பாலும் படத்தின் ஓரத்தில் அவளுடைய சடை மட்டும்தான் தெரிகிறது. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.